‘பிஞ்ச் ஆஃப் சால்ட்’னா பொய்னு அர்த்தம் இல்ல: எங்க போடணும், எவ்வளவு போடணும்

‘பிஞ்ச் ஆஃப் சால்ட்’, அதாவது ஒரு சிட்டிகை உப்புங்கற இந்த இங்கிலீஷ் இடியத்த (சொலவடைய) முதல் தடவை நான் கேட்டது ஒரு ஃபோன் கால்லதான். அப்ப வேலைக்கு சேர்ந்து நாலு மாசம்கூட ஆகல, இங்கிலாந்து கிளையன்ட் ஒருத்தருக்கு ஆர்டர் பிராசஸ் பண்ற டீம், அந்த பக்கத்து மேனேஜர் அடுத்த மூணு மாசத்துக்கு எத்தன ஆர்டர் வரும், எந்த தேதிக்குள்ள முடிக்கணும்னு ஒரு ஷீட் அனுப்பிட்டு, "டேக் தீஸ் நம்பர்ஸ் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட் ஃபார் நௌ"ன்னு சொன்னார். எங்க டிஎல், அதாவது டீம் லீடர் அக்கா, அன்னைக்கு லீவு. மறுநாள் அவங்க வந்து என்ன சொன்னாங்கன்னு கேட்டப்ப நான் சொன்னேன், "அந்த நம்பர் தப்பாம் அக்கா, நம்ப வேண்டாமாம், வேற அனுப்புவாங்க போல"ன்னு. அவ்ளோதான், ஷீட்ட மூடி வச்சிட்டோம், ஷிஃப்ட்டுக்கு ஆள் கேக்கல, எதுவும் பண்ணல. அடுத்த வாரம் ஆர்டர் வர ஆரம்பிச்சுச்சு, கிட்டத்தட்ட அந்த ஷீட்டுல இருந்த அளவுலயே. நைட்டும் பகலுமா உக்காந்து முடிச்சோம், டிஎல் அக்காதான் மேல இருந்தவங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாங்க.

அவர் நம்பாதீங்கன்னு சொல்லவே இல்ல. நம்புங்க, ஆனா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அத மனசுல வச்சுக்கிட்டு பிளான் பண்ணுங்கன்னுதான் சொன்னார். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம்தான் இந்த இடியம் மொத்தமும். இப்ப நான் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன், கிட்டத்தட்ட எல்லாருமே நான் பண்ணின அதே தப்பதான் பண்றாங்க, கேட்டா "பொய்னு சொல்றது மேடம்"ன்றாங்க. அதான் கொஞ்சம் விளக்கமாவே எழுதிடலாம்னு.

அர்த்தத்த எப்படி பிடிக்கிறதுன்னா, பழைய நகைய கடைக்கு கொண்டு போறத நெனச்சுப் பாருங்க. அவங்க அத பித்தளைன்னு தூக்கிப் போடறதில்ல, நீங்க சொல்ற பவுனுக்கு அப்படியே காசும் எண்ணிக் குடுக்கறதில்ல. உரசிப் பாப்பாங்க, இவ்ளோ அழுக்கு, இவ்ளோ கல்லு, இவ்ளோ கழிவுன்னு கழிச்சுட்டு மிச்சத்துக்கு விலை போடுவாங்க. ஒரு பேச்ச பிஞ்ச் ஆஃப் சால்ட்டோட எடுத்துக்கறதும் அதேதான். உள்ள தங்கம் இருக்கு, ஆனா சொன்ன எடை இல்ல. கழிவு போட்டு வாங்கிக்க.

நம்ம வீட்டுப் பேச்சுல இதுக்கு ரொம்ப பக்கத்துல வர்றது "அவன் சொல்றதுல பாதியக் கழிச்சுட்டு கேளு", இல்ல "அவரு பத்துன்னா நீ ரெண்டுன்னு வச்சுக்க". இதுல ஏதாவது ஒன்ன வச்சு மனசுல பதிய வச்சுக்கிட்டா போதும். ஆனா "காதுல பூ சுத்துறான்", "ரீல் விடுறான்", "கதை அளக்குறான்" இதெல்லாம் வேற ஜாதி, அது ஆளே ஏமாத்தறான்னு சொல்றது. அந்த எடத்துல பிஞ்ச் ஆஃப் சால்ட் போட்டா ரொம்ப லேசா இருக்கும், பொருந்தாது. தெரிஞ்சே சொல்ற பொய்க்கு இங்கிலீஷ்ல நேரா ‘லை’, அதாவது பொய்னே சொல்லிடலாம், சுத்தி வளைச்சு நம்ப முடியாத சாக்கு சொன்னா காக் அண்ட் புல் ஸ்டோரின்னு ஒண்ணு இருக்கு, வாதத்துல ஓட்டை இருந்தா டஸ்ன்ட் ஹோல்ட் வாட்டர், அதாவது தண்ணி நிக்காத பானை மாதிரி. இதெல்லாம் பிஞ்ச் ஆஃப் சால்ட்ட விட கடுமையானது.

இன்னொரு முக்கியமான விஷயம், உப்புங்கற வார்த்தையே நம்மள தப்பான பக்கம் இழுத்துட்டு போகும். தமிழ்ல உப்புன்னா நன்றி, உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லித்தான் வளந்தோம். சோத்துல உப்பு போட்டுத்தான திங்கறன்னு கேட்டா அது ரோஷம். உப்பு தின்னவன் தண்ணி குடிப்பான்னா செஞ்சதுக்கு அனுபவிப்பான். உப்பு சப்பில்லன்னா சுவை இல்ல. எங்கயுமே சந்தேகம்னு ஒரு அர்த்தம் உப்புக்கு கிடையாது. அதனாலதான் "இந்தச் செய்தியை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளுங்கள்"னு மொழிபெயர்ப்புல எங்கயாவது படிக்கறப்ப எனக்கு பதறும், படிக்கறவருக்கு ஒண்ணுமே புரியாது, என்ன சமையல் குறிப்பான்னு தோணும். தமிழ்ல எழுதறப்ப உப்ப விட்டுடுங்க. "அப்படியே எடுத்துக்க வேண்டாம்", "முழுசா நம்பிட வேண்டாம்", "கொஞ்சம் கழிச்சுட்டுதான் பாக்கணும்"னு நம்ம பேச்சுல எழுதுங்க, அதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

சரி, இங்கிலீஷ்காரங்களுக்கு உப்பு எப்படி சந்தேகமாச்சு? இதுக்கு ஒரு பழைய கதை சொல்லுவாங்க, நல்ல கதை. இன்னைக்கு துருக்கி இருக்குற பகுதியில, கருங்கடல் ஓரமா பாண்டஸ்னு ஒரு நாடு, அதோட ராஜா ஆறாம் மித்ரிடேட்ஸ். ரோமோட வருஷக்கணக்கா சண்டை போட்டவர், கி.மு. 63-ல செத்தார். யாராவது விஷம் வச்சுடுவாங்கன்னு அவருக்கு பயம், அதனால விஷமுறிவு மருந்துல ரொம்ப ஆர்வம்னு சொல்லுவாங்க. அவர ஜெயிச்ச ரோமானிய தளபதி பாம்பே, அந்த ராஜாவோட சொந்த குறிப்புகள்ல, ராஜாவே கைப்பட எழுதின ஒரு மருந்து குறிப்ப கண்டெடுத்தாராம். காஞ்ச வால்நட் 2, அத்திப்பழம் 2, ரூ-ங்கற கசப்பு மூலிகையோட இலை 20, எல்லாத்தையும் சேத்து இடிச்சு ஒரு உப்புக்கல்லு போடணும், வெறும் வயித்துல இத சாப்பிட்டா அன்னைக்கு பூரா எந்த விஷமும் ஒண்ணும் பண்ணாது. இத எழுதி வச்சவர் மூத்த பிளினி, அவரோட இயற்கை வரலாறுங்கற பெரிய நூல்ல 23-ஆவது புத்தகத்துல இருக்கு. பிளினி கி.பி. 79-ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்ப செத்துப் போனவர்.

இங்கிலீஷ்ல இந்த வார்த்தை 1647-ல ஜான் ட்ராப்னு ஒரு இங்கிலாந்து பாதிரியார் பைபிளுக்கு எழுதின விளக்கவுரையில வருது, இத ஒரு உப்புக்கல்லோட எடுத்துக்கணும்னு. நடுவுல கிட்டத்தட்ட 1,570 வருஷம். இப்ப இந்தக் கதையவே வச்சு பாடத்த பழகிக்கலாம், கழிவு எப்படி போடறதுன்னு. பிளினி அப்படி எழுதி வச்சிருக்கார்ங்கறது கெட்டி, லத்தீன் வரிகள் இன்னைக்கும் இருக்கு, அதுல கைய வைக்க வேண்டாம். அந்த மருந்து விஷத்த முறிக்கும்ங்கறது, அது முழுசா கழிவு, நாலு பழமும் இலையும் எந்த விஷத்தையும் நிறுத்தாது. பிளினியோட உப்புக்கல்லுல இருந்துதான் இந்த சொலவடை வந்துச்சுங்கறது நடுவுல நிக்குது, இருக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க, ஆனா பிளினி எழுதினப்ப சந்தேகம்னு ஒரு அர்த்தமே அதுல இல்ல, அவர் வெறும் மருந்துல போடற சாமானா உப்ப சொல்றார். லத்தீன்ல உப்புக்கு சொல்ற அதே வார்த்தைக்கு புத்திக்கூர்மை, நகைச்சுவைன்னும் ஒரு அர்த்தம் உண்டு, அங்க இருந்தும் வந்திருக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு. ஆக ஒரே கதைக்குள்ள ஒரு துண்ட முழுசா நம்பறோம், ஒரு துண்ட தள்ளறோம், ஒரு துண்ட பாதி கையில வச்சுக்கறோம். இதத்தான் டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்னு சொல்றது. டச்சுக்காரங்களும் ஜெர்மன்காரங்களும்கூட அவங்கவங்க மொழியில இதே உப்புக்கல்லதான் சொல்றாங்க.

பிஞ்ச்சா கிரெய்னான்னு அடுத்த கேள்வி எப்பவும் வரும். ரெண்டும் சரி, ரெண்டுக்கும் ஒரே அர்த்தம். பிரிட்டிஷ்காரங்க பிஞ்ச் ஆஃப் சால்ட், அதாவது ஒரு சிட்டிகை. அமெரிக்காக்காரங்க கிரெய்ன் ஆஃப் சால்ட், ஒரு கல்லு. கிரெய்ன்தான் பழசு, பிஞ்ச் பின்னாடி வந்து சேந்துக்கிச்சு. நீங்க யார்கிட்ட அதிகமா பேசறீங்களோ அவங்க எத சொல்றாங்களோ அத பிடிச்சுக்கங்க, பரீட்சையில எத எழுதினாலும் மார்க் போகாது. ஆனா ரெண்டையும் கலந்து பிஞ்ச் ஆஃப் கிரெய்ன்னு ஒரு பையன் எழுதிட்டு வந்தான், அது கிடையாது. அதே மாதிரி கிரெய்ன் ஆஃப் ட்ரூத்னு ஒண்ணு இருக்கு, அது இதுக்கு எதிர்ப்பக்கம்னு வச்சுக்கங்க, பெரிய வதந்திக்குள்ளயும் கடுகளவு உண்மை இருக்குன்னு சொல்றது. உப்புக்கல்லு நாம வெளிய இருந்து போடறது, உண்மையோட கல்லு உள்ளயே கிடக்கறது. இந்த ரெண்டும் வேகமா பேசறப்ப குழம்பும், பாத்துக்கங்க.

இனி வாக்கியம் அமைக்கிறது. நடுவுல எத நம்பறோமோ அந்தப் பொருள் வரணும், அதுக்கு முன்னாடி டேக், பின்னாடி வித். டேக் ஹிஸ் ஸ்டோரி வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட். அந்த வித்த முழுங்கிடாதீங்க, அதுதான் உசுரு. டேக் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்னு மட்டும் சொன்னா உண்மையாவே உப்பு எடுத்து வாயில போட்டுக்கன்னு ஆயிடும், ஆட் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்னா சாம்பார் வைக்கற இடத்துல சொல்றது. வித்துக்கு பதிலா ஆஸ் போடற பழக்கமும் நம்ம பிள்ளைங்ககிட்ட நிறைய இருக்கு, லைட்டா எடுத்துக்கங்கறத மனசுல வச்சு டேக் இட் ஆஸ் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்னு, அது தப்பு. டேக் இட் ஈசின்னு ஒரு பக்கம் இருக்குல்ல, கவலப்படாதன்னு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

காலம் மாறினா டேக் மட்டும்தான் மாறும், உப்பு அப்படியே இருக்கும். நேத்து நடந்ததுன்னா ஐ டுக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட். எழுத்துல, அதுவும் ரிப்போர்ட்லயும் மெயில்லயும், தீஸ் ஃபிகர்ஸ் ஷுட் பி டேக்கன் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்னு வரும், யார் எடுக்கணும்னு சொல்லாம பொதுவா விடறது, இதுதான் மரியாதையான உருவம், ஆபீஸ்ல இத நல்லா பழகிக்கங்க. பேச்சுல அட்வைஸ் சொல்றப்ப ஐ உட் டேக் தட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட், நானா இருந்தா அப்படியே எடுத்துக்க மாட்டேன்னு, நீ பண்ணுன்னு கட்டளை போடாம சொல்ற மாதிரி. உச்சரிப்புல ஒண்ணே ஒண்ணு, பிஞ்ச் ஆஃப் ரெண்டையும் ஒட்டி பிஞ்ச்சோவ் மாதிரி ஒரே மூச்சுல சொல்லிட்டு சால்ட்ல அழுத்தம் குடுங்க, அப்பதான் காதுக்கு இயல்பா இருக்கும்.

அளவு கூட்டணும்னா பிஞ்ச்சுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சேத்தா போதும், லார்ஜ், ஹ்யூஜ், ஹெல்தி, எது வேணும்னாலும். வித் எ ஹ்யூஜ் பிஞ்ச் ஆஃப் சால்ட்னா முக்காவாசிய கழிச்சுடுன்னு அர்த்தம். எனக்கு இந்த இடியம்ல ரொம்ப பிடிச்சது இதுதான், நம்பிக்கைய ஆன் ஆஃப் சுவிட்ச் மாதிரி பாக்காம ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி கூட்டி குறைக்க விடுது. நம்ம பிள்ளைங்க இங்கிலீஷ்ல பேசறப்ப ட்ரூ, ஃபால்ஸ்னு ரெண்டே வார்த்தையில நிக்கறாங்க, தமிழ்ல பேசறப்ப அதே பிள்ளைங்க "இருக்கலாம், ஆனா அவன் கொஞ்சம் ஏத்தி சொல்லுவான்"னு எவ்ளோ அழகா அளந்து பேசறாங்க. அந்த அளவ இங்கிலீஷ்லயும் கொண்டு வர்றதுக்கு இந்த ஒரு சொலவடை நல்ல கருவி.

எங்கெல்லாம் போடலாம்னா, சொல்றவருக்கு அதுல லாபம் இருக்கற எடம், இல்ல சொல்றவருக்கே முழுசா தெரியாத எடம், இல்ல பாசத்துல ஏத்தி சொல்ற எடம். ஸ்டேஷன்ல இருந்து 5 நிமிஷம்தான்னு மனை விக்கறவர் சொல்றது, அது எந்த வண்டியில 5 நிமிஷம்னு அவர் சொல்லல. ஆன்லைன்ல ஒரே நாள்ல வந்து விழுந்த அஞ்சு ஸ்டார் ரிவ்யூ. இன்னும் கட்டி முடிக்காத ஒரு விஷயத்துக்கு ஒருத்தர் சொல்ற முடியற தேதி. குடும்ப குரூப்ல சித்தப்பா அனுப்பற ஃபார்வர்டு. பெரியப்பா சின்ன வயசுல கெணத்துல குதிச்ச கதை, அது போன பொங்கலுக்கு 30 அடி, இந்த பொங்கலுக்கு 50 அடி, ஆனா கெணறும் நெசம், அவர் குதிச்சதும் நெசம். வீட்ல தம்பி இத கேட்டுட்டு வந்து "அண்ணே, பெரியப்பா 50 அடியிலயா குதிச்சாரு?"ன்னா அண்ணன் "குதிச்சாருடா, அடிய மட்டும் கொஞ்சம் கழிச்சுக்க"ன்னு சொல்லுவான் பாருங்க, அந்த அண்ணன் சொல்றதுதான் அச்சு அசலா இந்த இடியம். பெரியப்பாவ பொய்யர்னு அவன் சொல்லவே இல்ல.

இதுல இருந்து ஒரு விதி வருது, உப்பு பேச்சு மேல போடறது, ஆள் மேல இல்ல. வாட் ஹீ செஸ், ஹிஸ் ஸ்டோரி, தட் ரிப்போர்ட், இப்படி ஏதாவது ஒரு சொல்ல வச்சுதான் பேசணும். ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா ஐ டேக் வாட் யூ சே வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்னு சொன்னீங்கன்னா அது அவமானம், நீ சொல்றத நான் முழுசா நம்பறது இல்லன்னு முகத்துல அடிச்ச மாதிரி, சீனியர்கிட்டயோ கஸ்டமர்கிட்டயோ தப்பித்தவறிகூட சொல்லிடாதீங்க. அவங்க சொன்னதுல சந்தேகம்னா குட் வீ டபுள் செக் திஸ், இத இன்னொரு தடவ சரிபாத்துடலாமான்னு கேளுங்க, வேலை முடிஞ்சது, யாருக்கும் மனசு நோகாது. ஆனா உங்க சொந்த பேச்சு மேல நீங்களே போட்டுக்கறது ரொம்ப நல்ல பழக்கம். ப்ளீஸ் டேக் மை எஸ்டிமேட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட், ஐ ஹேவ் சீன் ஒன்லி ஹாஃப் தி டேட்டா. நான் பாதி டேட்டாதான் பாத்திருக்கேன், அதனால என் கணக்கு கொஞ்சம் மாறலாம்னு. இதுல பணிவும் இருக்கு நேர்மையும் இருக்கு. ஏன்னு காரணத்தையும் சேத்து சொல்லுங்க, காரணம் இல்லாம விட்டா பொறுப்ப தட்டிக் கழிக்கற மாதிரி ஆயிடும்.

போடவே கூடாத எடமும் இருக்கு, இத நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும். ஒரு பொண்ணு தனக்கு நடந்தத சொல்லி புகார் குடுக்கறப்ப, ஒருத்தர் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றப்ப, ஒரு கொழந்த பயமா இருக்குன்னு சொல்றப்ப, லெட்ஸ் டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்னு யாராவது சொன்னா அது வெறும் மொழித்தப்பு இல்ல. ஒரு மீட்டிங்ல இத காதால கேட்டிருக்கேன், புகார் குடுத்த பொண்ணு அந்த ரூம்லயே உக்காந்திருந்தா. அங்க செய்ய வேண்டியது விசாரிக்கறது, வைத்தியம் பாக்கறது, கூட நிக்கறது. முன்கூட்டியே கழிவு போடறது இல்ல.

உப்பு வர்ற மத்த சொலவடைங்களோட குழப்பிக்காம இருக்க ஒரு வரி மட்டும். வொர்த் ஹிஸ் சால்ட்னா வாங்கற சம்பளத்துக்கு உருப்படியா வேலை செய்யறவர், சால்ட் ஆஃப் தி எர்த்னா நல்ல மனுஷன், பைபிள்ல இருந்து வந்தது, ரப்பிங் சால்ட் இன் தி வூண்ட் நம்ம வெந்த புண்ணுல வேல பாய்ச்சற மாதிரி. இந்த மூணுலயும் நம்பறதா வேண்டாமாங்கற பேச்சே கிடையாது.

கடைசியா, இத உங்ககிட்ட யாராவது சொன்னா என்ன பண்றது. பெரும்பாலும் நாம சொல்லத்தான் பழகறோம், கேட்டா என்ன பதில் சொல்லணும்னு பழகறதில்ல. தலையாட்டிட்டு போயிடாதீங்க, திரும்ப ஒரு கேள்வி கேளுங்க, விச் பார்ட் இஸ் லைக்லி டு சேஞ்ச்? எந்தப் பகுதி மாறும்னு. ஏன்னா உப்பு எவ்ளோன்னு சொன்னவருக்குத்தான் தெரியும். அன்னைக்கு அந்த கால்ல நான் இத கேட்டிருந்தா அவர் சொல்லியிருப்பார், தேதி மாறாது, எண்ணிக்கை மட்டும் பத்துக்கு ஒண்ணு கூடும் குறையும்னு, பின்னாடி வந்த ஆர்டர் எல்லாம் அப்படித்தான் இருந்துச்சு. ஷிஃப்ட்டுக்கு ரெண்டு பேர் கூட கேட்டிருந்தா போதும், டிஎல் அக்கா அந்த வாரம் பையனோட ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு போயிருப்பாங்க.